சனிக்கிழமை கிழக்கே சூலம்

யுன்தாங் விமான நிலையத்தில் வெறுங்கால்காரர்களுக்குத் தனி வரிசை. நிஜமாகவே வெறுங்கால் இல்லை, எல்லோரும் ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் நின்றோம். செருப்புக்குள் வைத்துக்கொள்ள அந்த நகரம் கொடுக்கிற சோல் இல்லாதவர்களுக்கு, அங்கே பிழைக்கப் போன நம்மவர்கள் வைத்த பெயர் அது. வரிசையில் ஆம்பளை ஷூ மாட்டிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருடைய பழைய கான்வாஸ் ஷூ. என் கால் அதற்குள் நீச்சல் அடிக்கும் என்பதால் முன்பக்கம் பனியன் வேஸ்ட்டை, வெட்டி மிஞ்சின துணியை, திணித்திருந்தேன். கையில் கொஞ்சம் பனியன் வேஸ்ட் இருந்தால் எதையும் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் திருப்பூர்க்காரிக்கு எப்போதும் உண்டு.

கம்பெனி எனக்கென்று ஓர் ஆளை அனுப்பியிருந்தது. பிரிட்டோ என்று பெயர், தூத்துக்குடிக்காரன், முப்பது வயதிருக்கும், நல்ல உயரம். "பூங்கோதை" என்று என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் முதலில் என் காலைத்தான் பார்த்தான். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

"போன்ல சொல்லியிருப்பாங்கக்கா. ஆனாலும் ஒரு தடவை நானும் சொல்லிருதேன்," என்றான்.

"சொல்லுங்க தம்பி. ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சே சொல்லுங்க."

"இங்க யார் முகத்தையும் மெஷின் பாக்கக் கூடாதுக்கா. முன்னாடி முகத்த வச்சுத்தான் எல்லாம் நடந்துச்சாம். சனங்க சண்டை போட்டுத் தடைச் சட்டம் கொண்டாந்துட்டாங்க. இப்ப காலு மட்டும்தான். சோலு எங்க போவுதோ அதுதான் ஆளு. வண்டி, ரயிலு, கடை, கதவு எல்லாம் சோலைப் பாத்துத்தான் தெறக்கும். நீங்க எந்தக் கிழமை எங்க போறீங்க, எப்படிப் போறீங்கன்னு ஊரே படிச்சு வச்சுக்கிடும். அதுக்குப் பேருதான் தடம்."

"சோல் இல்லாதவன்?"

"எந்த வண்டியும் அவனுக்கு நிக்காது. குறுக்க வந்தாலும் நிக்காது. இந்த ஊரைப் பொறுத்தவரைக்கும் அவன் இல்லவே இல்ல."

இந்த ஊருக்குத்தான் என் வீட்டுக்காரர் குழந்தைவேல் இரண்டு வருடம் முன்னால் வந்தார். நிட்டிங் மெஷின் மெக்கானிக். திருப்பூரில் அவர் கை வைத்து ஓடாத மெஷின் இல்லை என்று சொல்வார்கள். மெஷின் செய்கிற கம்பெனிக்காரனே கூப்பிட்டு வேலை கொடுத்தான். போன மாதம் அதே கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை காலை விடுதியிலிருந்து தானாகக் கிளம்பி, நேராக ஆற்றங்கரைக்கு நடந்து, படியில் சோலைக் கழற்றி வைத்துவிட்டு ஆற்றில் இறங்கிவிட்டாராம். உடல் கிடைக்கவில்லையாம். நகரத்தின் கணக்கில் அவர் 'விரும்பிச் சென்றவர்'. எங்கள் ஊரில் இதை இவ்வளவு மரியாதையாகச் சொல்வதில்லை.

எங்கள் மகள் தாரணி பத்தாவது படிக்கிறாள். செய்தி வந்த பிறகு சில நாள் அவள் வாயே திறக்கவில்லை. ஒருநாள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பாவுக்கு நம்மளப் புடிக்காமப் போயிருச்சாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நானும் முழுசாக நம்பிச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் வாங்காமல் திரும்புவதில்லை என்றுதான் விமானம் ஏறினேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவருடைய சோலை உறவுக்காரர் ஒருமுறை போட்டுக்கொண்டு, அவர் கடைசியாக நடந்த வழியில் நடக்க வேண்டும். இறுதி நடை என்று பெயர். நடை முடிகிற இடத்தில் ஊர் கேட்கும், ஏற்கிறீர்களா என்று. ஏற்கிறேன் என்றால் தடம் மூடப்படும். சோலைத் துடைத்து அடுத்து வருகிற வெறுங்காலுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"மறுக்கறேன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

பிரிட்டோ சுற்றிலும் பார்த்துக்கொண்டான். "சொல்லலாம்க்கா. ஆனா காரணம் கேக்கும். நல்லவரு, அப்படிச் செய்யுற ஆளே இல்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதெல்லாம் அது ஏத்துக்காது. தடத்துல இருக்குற காரணமா இருக்கணும். இன்னைக்குப் பொழுது சாய்ற வரைக்கும்தான் நேரம். அதுக்கப்புறம் அதுவே மூடிரும்." கொஞ்சம் நிறுத்தி, "இதை நான் சொன்னேன்னு கம்பெனில சொல்லாதீங்க," என்றான்.

கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று, இரண்டு கையாலும் சோலை நீட்டினாள். சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு ஜோடி. இரண்டிலும் குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. அவர் போடுகிற செருப்பு எல்லாமே அந்தப் பக்கம்தான் தேயும். செருப்புக்கடைக்காரர் அவரை வைத்துத்தான் வீடு கட்டினார் என்று நான் கேலி செய்வேன். பனியன் வேஸ்ட்டை எடுத்துவிட்டு, சோலை வைத்து, மறுபடி திணித்து, காலை நுழைத்தேன். காதில் வைக்க ஒரு பொத்தான் கொடுத்தாள். ஆம்பளை ஷூவை ஏன் போட்டிருக்கிறேன் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலுக்கு வந்தோம். டிரைவர் இல்லாத வண்டிகள் வரிசையாக வந்து ஆளைப் பொறுக்கிக்கொண்டு போயின. அதுவரை எதுவும் எனக்காக நிற்கவில்லை. இப்போது வெள்ளை வண்டி ஒன்று வரிசையை விட்டு விலகி, என் முன்னால் வந்து நின்று கதவைத் திறந்தது.

"வாங்க. வழக்கம்போலவே போலாமுங்களா?" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் குரல் இல்லை, ஏதோ ஒரு பொதுவான குரல். ஆனால் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு.

"நாம பேசுற மாதிரியே அதுவும் பேசப் பழகிரும்க்கா. என் வண்டி தூத்துக்குடிக்காரன் மாதிரிப் பேசும்," என்றான் பிரிட்டோ. "நீங்க வழக்கம்போல வேண்டாம்னு சொல்லுங்க. இறுதி நடைன்னு சொல்லுங்க. நேரா விடுதிக்குப் போயி, அங்கருந்து நடந்து, சட்டுனு முடிச்சிரலாம்."

சட்டென்று முடிக்கலாம் என்று எவன் சொன்னாலும் எனக்குப் பிடிக்காது. பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து இருந்து வந்த குணம். சட்டென்று முடித்த வேலைதான் திரும்பி வரும். "வழக்கம்போலவே போ," என்றேன்.

இடப்பக்க சீட்டில் உட்காரப் போனேன். "அக்கட்டால உக்காருங்க," என்று வலப்பக்கத்துக் கதவைத் திறந்தது வண்டி. உட்கார்ந்தேன். பிரிட்டோ பின்னால் ஏறிக்கொண்டான். என் பக்கத்து ஜன்னல் மட்டும் பாதி இறங்கியது.

ஊர் கிழக்கே இருந்தது. உயர உயரமான கட்டடங்கள் அந்தப் பக்கம் தெரிந்தன. வண்டி மேற்கே திரும்பியது.

"வண்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? ஊருக்குள்ள போவச் சொன்னா எதிர்த்தாப்ல போவுது," என்றான் பிரிட்டோ.

அது அவசரப்படாமல் போய், சார்ஜ் ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கடை முன்னால் நின்றது. கடைக்காரர் வண்டியைப் பார்த்ததும் குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். உள்ளே என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பாட்டிலை என்னிடம் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். நான் வாங்கிக்கொண்டேன். திறந்து முகர்ந்தேன். தயிர்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

"என்னக்கா ஆச்சு?"

"இன்னைக்கு என்ன கெழமைங்க தம்பி?"

"திங்க."

"திங்களும் சனியும் கெழக்க சூலம். அந்தப் பக்கம் கெளம்பக் கூடாது. போயே ஆகோணும்னா ஒருக்கா மேற்க போய்த் தயிரை வாயில வெச்சுட்டு, அப்பறம் திரும்பிப் போகோணும். உங்கூட்டுக் காலண்டர்ல போட்டிருக்காதா?"

"எங்க வீட்ல மாதா கோயில் காலண்டர்க்கா. அதுல இதெல்லாம் இருக்காது. நாங்க பாக்குறதும் இல்ல."

"நானும் பாக்கறதில்ல. இவுரு ஒருத்தருதான். எங்கப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறோம், வண்டிய நிறுத்தித் தயிர் கேட்ட மனுசன். நான் அன்னைக்குப் பேசின பேச்சு கொஞ்சநஞ்சமில்ல."

நான் தயிரை ஒரு வாய் குடித்தேன். புளிப்பே இல்லாத ஒரு தயிர். இதைக் குடித்துக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளினாரோ. வண்டி திரும்பிக் கிழக்கே கிளம்பியது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வேலை பார்த்தது ஊருக்குள்ளே. தங்கியிருந்ததும் அங்கேதான். விமான நிலையத்தில் அவருக்கு என்ன வழக்கம்?

"இந்த வழியில அவரு எப்ப வருவாரு?" என்று வண்டியைக் கேட்டேன்.

"லீவு நாள்லீங்க. திங்கக்கெழமை. ஏர்போர்ட்டுக்குப் போவாருங்க, வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பாருங்க, திரும்பி வருவாருங்க."

"யாரைக் கூப்புட?"

"யாரும் வரலீங்க. பழகறதுக்குன்னு சொன்னாருங்க."

"ஏன் இந்தப் பக்கத்து ஜன்னல மட்டும் எறக்கி வெச்சிருக்கற?"

"அவரு சொல்லிக் குடுத்ததுங்க. இந்த சீட்டுல உக்காரப் போறவங்களுக்கு மூடுன வண்டி ஆகாதுங்களாமா. வளைவுல மெதுவாப் போகோணும்னும் சொன்னாருங்க. மொதல்ல எனக்கு வரலீங்க. திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்தாருங்க."

"இந்த சீட்டுல இதுக்கு முன்னால ஆராவது உக்காந்திருக்காங்களா?"

"இல்லீங்க. நீங்கதானுங்க மொதல்ல."

திருப்பூரிலிருந்து பழனி போவதற்குள் எனக்காக மூன்று இடத்தில் காரை நிறுத்த வேண்டும். மூடின வண்டி என்றாலே வயிற்றைப் புரட்டிவிடும். மே மாத லீவில் நானும் தாரணியும் இங்கே வருவதாக இருந்தது. டிக்கெட்கூட எடுத்தாயிற்று. நாங்கள் வந்து இறங்குகிற நாளுக்கு, இந்த மனிதர் ஒரு வண்டியைப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு லீவு நாளும், காலி சீட்டுக்கு ஜன்னலை இறக்கிவிட்டு.

ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அடித்தது. மலையைச் சுற்றிய சாலையில் வண்டி மெள்ள மெள்ளத் திரும்பியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆற்றில் குதிக்கிறவன் பெண்டாட்டிக்கு ஜன்னல் இறக்க வண்டியைப் பழக்க மாட்டான். அது எனக்குப் போதும். ஊருக்குப் போதாது. ஊர் கேட்கிற காரணம் வேறு. அதைத் தேடிப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

"அந்த ஆத்தங்கரைக்கு நீங்க போயிருக்கீங்களா தம்பி?" என்று பின்னால் திரும்பிக் கேட்டேன்.

"இல்லக்கா. அந்தப் பக்கம் போனதே இல்ல. இன்னைக்குத்தான்," என்றான். தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

விடுதி பழைய கட்டடம். மாடிக்குப் போகவில்லை, அவர் அறையில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். வாசலில் இறங்கியதும் காதில் இருந்த பொத்தான் பேசியது. வண்டியும் பொத்தானும் எல்லாமே ஒரே ஊர்தானே, அதே பேச்சு.

"கடைசிச் சனிக்கெழமை நடந்த வழி இதுங்க. கெழக்க பார்த்து நடங்க."

நான் நகரவில்லை. "மேற்க போகோணுமே மொதல்ல?"

"அன்னைக்குப் போகலீங்க."

"அதுக்கு முந்தின சனிக்கெழமை?"

"போனாருங்க. மேற்க மூலைக்கடை, தயிர், அப்பறம் திரும்பிக் கெழக்க கம்பெனிக்கு."

"எல்லாச் சனிக்கெழமையுமா?"

"எல்லாச் சனியும்ங்க."

பிரிட்டோவிடம் சொன்னேன். அவன் நெற்றி வேர்த்தது.

"சாவப் போறவரு சூலமாக்கா பாப்பாரு? மனசு சரியில்லாம நேரா நடந்திருப்பாரு," என்றான். யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பதுபோல இருந்தது.

"நீங்க சொல்றதும் சரியா இருக்கலாமுங்க. நடந்து பாத்தர்லாம்," என்றேன்.

நடந்தோம். கம்பெனி வாசலைத் தாண்டி, சாயப்பட்டறை மாதிரி நாற்றமடிக்கிற ஒரு சந்துக்குள் வழி போனது. எங்கள் ஊர் நாற்றம்தான், எனக்குப் புதிதில்லை. பிரிட்டோ எனக்கு முன்னால், என் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே நடந்தான். ஷூ பெரிசாக இருக்கிறதே, காலைக் கடிக்கிறதா என்று கேட்டான். கேட்டுக்கொண்டே, முன்னால் பார்க்காமலேயே தலையைக் குனிந்தான். அவன் தலை இருந்த உயரத்தில் சந்தின் குறுக்கே ஒரு நீராவிக் குழாய் போயிற்று. சுவரின் நிறமேதான் அதற்கும். எதிரில் பார்த்துக்கொண்டு வந்த எனக்கே அவன் குனிந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

அதன் பிறகு பொத்தான் சொல்வதை விட்டுவிட்டு அவன் காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திருப்பம் வரும் முன்பே அந்தக் கால் திரும்பியது.

ஆற்றங்கரையில் கல் படிகள் இருந்தன. பொழுது மஞ்சளாகிக்கொண்டிருந்தது. எதிர்க்கரைக்குப் போகும் பாலம் பக்கத்திலேயே வளைந்து ஏறியது. படியில் உட்கார்ந்தேன்.

"இங்கதானுங்க சோல் இருந்துச்சு," என்றது பொத்தான். "ஏத்துக்கறீங்களா, மறுக்கறீங்களா?"

"கொஞ்சம் பொறு," என்றேன். பிறகு பிரிட்டோவைப் பார்த்தேன். "அந்தக் கொழாய்ல அன்னைக்கு மண்டைய இடிச்சுட்டீங்களா தம்பி?"

அவன் கை தானாக நெற்றிக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தினான். அப்புறம் படியிலேயே, எனக்கு இரண்டு படி கீழே, சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது மெஷின ஓட்டிப் பாத்தாங்கக்கா," என்றான். "அண்ணன் உள்ள ஊசி மாத்திக்கிட்டு இருந்தாங்க. உள்ள ஆள் இருக்கான்னு பாக்காம ஓட்டிட்டாங்க. சத்தம் கேட்டு நான்தான் மொதல்ல ஓடினேன். ஒண்ணும் பண்ண முடியல. அந்த மெஷின் விற்பனைக்கு வெளிய போவ வேண்டிய நேரம். ஆள் செத்த மெஷின்னு பேரு வந்தா அவ்வளவுதான். மேனேஜரு அண்ணன் ஷூவுல இருந்து சோலைக் கழட்டி என் கையில குடுத்தாரு. விடுதிக்கு எடுத்துட்டுப் போயி, காலைல அங்கருந்து ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு அங்கனயே வச்சிட்டு வந்துருன்னாரு. மாட்டேன்னா என் சோலைக் கழட்டிருவேன்னாரு. வந்த புதுசுல ஒரு நாள் நான் வெறுங்காலா இருந்திருக்கேன்க்கா. ரோட்ட தாண்ட முடியாம விடிய விடிய ஒரே எடத்துல நின்னேன். அந்தப் பயம். நடந்துட்டேன்."

எனக்கு அவனை அப்படியே ஆற்றில் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், கை எழுந்தேவிட்டது. கீழ்ப்படியில் இருந்தான், ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். ஆனால் என் கேள்விக்குப் பதில் அவனிடம்தான் இருந்தது.

"அவரு எங்க?"

"அக்கரையில ஆஸ்பத்திரி இருக்கு. சோலு இல்லாம வர்ற பொணத்துக்குன்னு ஒரு அறை. யாருன்னு எழுத அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. பேர் இல்லாம அங்கனதான் கெடக்காங்க."

சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "ஏத்துக்கறீங்களா, மறுக்கறீங்களா? நேரம் கொஞ்சந்தானுங்க இருக்குது," என்றது பொத்தான்.

பிரிட்டோ சொன்னதை நான் சொல்லவில்லை. அவன் நாளைக்கு இல்லை என்று மாற்றிச் சொல்லிவிட்டால் என் காரணமும் இல்லாமல் போய்விடும். என்னிடம் வேறு இருந்தது.

"மறுக்கறேன்."

"காரணம் சொல்லோணுமுங்க."

"அன்னைக்குச் சனிக்கெழமை. கெழக்க சூலம். எம்புருசன் நேராக் கெழக்க கெளம்பி இருக்க மாட்டாரு."

"தடத்துல பாக்கறனுங்க," என்றது.

ஆற்றில் ஒரு படகு போயிற்று. அதன் அலை வந்து கீழ்ப்படியை நனைத்தது. அவ்வளவு நாளும் நான் கேலி செய்த ஒரு சூலத்தை நம்பி, ஒரு இயந்திரத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சரிங்க," என்றது பொத்தான். "இந்த ஊருக்கு அவரு வந்ததுல இருந்து, எந்தத் திங்களும் எந்தச் சனியும் நேராக் கெழக்க போனதே இல்லீங்க. மழை பேஞ்ச நாள்லயும் இல்லீங்க. காய்ச்சலோட வேலைக்குப் போன நாள்லயும் இல்லீங்க. கடைசிச் சனிக்கெழமை நடந்தது அவரு இல்லீங்க. மறுப்பு ஏத்துக்கிட்டாச்சு. தடத்தை மூட மாட்டமுங்க. நடந்தது ஆருன்னு விசாரிப்பாங்க. பக்கத்துல இருக்கறவங்க ஏதாச்சும் சொல்றாங்களா?"

நான் பிரிட்டோவைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "மறுப்ப ஏத்துக்கிச்சு. நீங்க ஏதாச்சும் சொல்றீங்களான்னு கேக்குது. அது உங்க இஷ்டமுங்க தம்பி," என்றேன். காதிலிருந்த பொத்தானைக் கழற்றி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த படியில் வைத்தேன்.

அவன் அதன் பக்கம் குனிந்தான். பிறகு அந்தப் பொத்தானிடம், "நான்தான் நடந்தேன்," என்றான். என்னிடம் சொன்ன எல்லாவற்றையும் திரும்பச் சொன்னான், மேனேஜர் பெயர் உள்பட. முடித்துவிட்டு ஷூவைக் கழற்றத் தொடங்கினான். எப்படியும் பிடுங்கப் போகிறார்கள், நாமே கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பான்.

"கழட்ட வேண்டாமுங்க," என்றது பொத்தான், இருவருக்கும் கேட்கிற மாதிரி. "சாட்சி சொன்னவங்க சோலை விசாரணை முடியற வரைக்கும் ஆரும் எடுக்க முடியாதுங்க. அப்படித்தானுங்க இங்க சட்டம்."

"இதை யாரும் எனக்குச் சொல்லலியே," என்றான் பிரிட்டோ.

"ஆரும் கேக்கலீங்க."

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நான் தேற்றவில்லை. மன்னிக்கவும் இல்லை. ஆனால் எழுந்தபோது, "வாங்க தம்பி, ஆஸ்பத்திரில அடையாளம் காட்டறதுக்கு நீங்களும் வேணும்," என்று கூப்பிட்டேன்.

வெள்ளை வண்டி மேலே காத்திருந்தது. பிரிட்டோ பின்னால் ஏறினான். அவர் உட்கார்ந்த இடப்பக்க சீட் காலியாகவே இருந்தது. என் பக்கத்து ஜன்னல் பாதி இறங்கியது.

"அக்கரை ஆஸ்பத்திரிக்கு. வழக்கம்போலவே போலாமுங்களா?"

"பாலம் இந்தா இருக்குக்கா, நேரா ஏறிட்டா சீக்கிரம்…" என்று ஆரம்பித்தவன் தானே நிறுத்திக்கொண்டான்.

"வழக்கம்போலவே போ," என்றேன்.

வண்டி ஆற்றுக்கு முதுகைக் காட்டி மேற்கே கிளம்பியது. மூலைக்கடை அம்மாள் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். விரலைக் காட்டி இன்னொன்று கேட்டு வாங்கிப் பின்னால் நீட்டினேன். பிரிட்டோ எதுவும் கேட்காமல் குடித்தான். திரும்பிப் பாலத்தை நோக்கி வரும்போது ஊருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே தாரணி எடுத்துவிட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"கண்ணு, நீ கேட்டதுக்குப் பதில் கெடச்சுருச்சு. அப்பா ஆத்துல எறங்கல. வேலையில இருக்கறப்ப மெஷின்ல அடிபட்டுச் செத்துப்போனாரு. மறைச்சுட்டாங்க. நாம வருவோம்னு அப்பா ஒவ்வொரு லீவு நாளும் ஏர்போர்ட்டுக்கு வந்து வண்டியப் பழக்கியிருக்காரு. எனக்கு வாந்தி வரக் கூடாதுன்னு ஜன்னலெல்லாம் எறக்கி வெச்சு."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழவே இல்லை.

"எப்பம்மா கூட்டிட்டு வருவீங்க அப்பாவ?"

"விசாரணையெல்லாம் முடியோணும். நம்மூரு இங்கிருந்து மேற்க. வெள்ளியும் ஞாயிறும் மேற்க சூலம். அந்த ரெண்டு நாளும் ஆகாது. மத்தபடி எந்த நாள்னாலும் சரி."

"அவசரம்னா கொஞ்சம் வெல்லத்தை வாயில போட்டுட்டுக் கெளம்பலாமுங்க," என்றது வண்டி.

தாரணி அழுகையை நிறுத்தினாள்.

"அம்மா, ஆரும்மா அது பேசறது?" என்றாள்.

பாலத்தின் வளைவில் வண்டி மெதுவாகத் திரும்பியது. "அப்பா பழக்கின வண்டி கண்ணு," என்றேன்.